நேத்து வரைக்கும் நல்லா இருந்த கடல் மீனுங்க ஒரே ராத்திரியில சாகுது, என்ன நோய்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

ப்ரோ, முதல்ல அந்த நீல மருந்து பாட்டிலை மூடி ஓரமா வைங்க.

நீங்க எழுதினது: தருமபுரியில நாலடி தொட்டி, ரெண்டு நீமோ, ஒரு டோரி, பத்து நாளைக்கு முன்னாடி பெங்களூர்ல வாங்கி விட்ட ஒரு டாம்சல் (அதுவும் ஒரு சின்ன கடல் மீன் தான்). நேத்து நைட்டு எல்லாம் நல்லா தீனி எடுத்துச்சு, காலைல டோரி செத்து கிடக்குது, நீமோ ரெண்டும் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்குது, கடைக்காரர் நீல மருந்து குடுத்திருக்காரு, ஊத்தலாமா. ஊத்த வேணாம். இங்க கடைங்கள்ல எந்த மீனுக்கு என்ன வந்தாலும் அந்த நீலம் தான் குடுப்பாங்க, பெரிய தொட்டியில ஊத்தினா பாறையில இருக்கற நல்ல பாக்டீரியாவுக்கும் சேர்த்து அடி விழும், அப்புறம் அம்மோனியா ஏறி இருக்கற மீனும் போகும்.

நான் காவேரிப்பட்டணத்துல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். போர் மோட்டாரை தூக்கிட்டு வர்றவங்க காயில் எரிஞ்சுபோச்சுன்னு அவங்களே முடிவு பண்ணிட்டு தான் வருவாங்க, பாதி நேரம் வெறும் கெப்பாசிட்டர் போயிருக்கும், இல்ல லோ வோல்டேஜா இருக்கும். அதையே தினமும் பார்க்கிற நான் என் தொட்டியில மட்டும் அதே முட்டாள்தனத்தை பண்ணேன், அதனால தான் இவ்ளோ நீளமா எழுதுறேன். (கேஆர்பி டேமுக்கு மீன் வறுவல் சாப்பிடன்னே போற ஊர்ல காசு குடுத்து உப்பு தண்ணி கலக்கி மீன் வளர்க்கிறவனை வீட்ல என்ன சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும்.)

மீனை கொஞ்ச நேரம் விட்டுட்டு எறாலையும் நத்தையையும் பாருங்க. மீனுக்கு வர்ற ஒட்டுண்ணி எறாலை தொடாது. வெல்வெட், இக்னு ரெண்டு ஒட்டுண்ணி நோய் இருக்கு, ரெண்டுமே அப்படித்தான், மீன் வரிசையா செத்துக்கிட்டே இருக்கும், எறால் பாட்டுக்கு பாறை மேல மீசையை ஆட்டிட்டு நிக்கும். எறாலும் நத்தையும் சேர்ந்து விழுதுன்னா அது நோய் இல்ல, தண்ணியில ஏதோ கலந்திருக்கு.

என் கதை இது தான். தை மாசம், மாமரம் பூ எடுக்கிற நேரம், வீட்டுக்கு பின்னாடி தோப்புல தத்துப்பூச்சிக்கு மருந்து அடிச்சிருக்காங்க, என் ஏர் பம்ப்பு ஜன்னல் கட்டையில அந்தப் பக்கம் பார்த்து உக்காந்திருந்துச்சு. காலைல எறால் மல்லாந்து கிடந்து காலை உதறிட்டு இருந்துச்சு, நான் சட்டையே பண்ணல, சாயந்திரம் மீனு சுத்தி சுத்தி அடிக்க ஆரம்பிச்சதும் தான் பதறிப்போய் வெல்வெட்டுன்னு நானா முடிவு கட்டி காப்பர் மருந்தை நேரா தொட்டியிலயே ஊத்திட்டேன். மிச்சம் இருந்த ஹெர்மிட் நண்டு, நத்தை எல்லாம் அந்த காப்பர்ல போச்சு, பாறையும் மணலும் காப்பரை உறிஞ்சு வச்சிக்கும்ங்கறதால பாறையையே மாத்த வேண்டியதா போச்சு. ரெண்டு நாள் கழிச்சு பக்கத்து வீட்டு தாத்தா தான் போற போக்குல சொன்னாரு, சைபர்மெத்ரின் அடிச்சோம்பான்னு. லேப்ல குடுத்து டெஸ்ட் ஒண்ணும் எடுக்கல, ஆனா அந்த வகை மருந்து மீனுக்கும் எறாலுக்கும் எமன், எறால் முதல்ல விழுந்ததும் கணக்கு சரியா வருது. கொசு லிக்விட்ல இருக்கறதும் அதே குடும்பம் தான், தொட்டி இருக்கற ரூம்ல மாட்டாதீங்க. அந்த மாதிரி ஆனா மருந்து எதுவும் வேணாம், பாதி தண்ணியை மாத்திட்டு ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு ஏர் பம்ப்பை இடம் மாத்தினா போதும்.

அடுத்தது நேத்து ராத்திரி கரண்ட் போச்சான்னு யோசிச்சு பாருங்க. உப்பு தண்ணி நல்ல தண்ணியை விட கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கம்மியா தான் ஆக்சிஜன் புடிக்கும், சூடு ஏற ஏற இன்னும் குறையும், நம்ம ஊர் சித்திரை வெயில்ல தொட்டி சர்வசாதாரணமா 30 டிகிரி தாண்டும். மூணு நாலு மணி நேரம் பம்ப்பு நின்னா விடியக்காலைல எல்லா மீனும் மேல வந்து வாயை பிளந்துட்டு நிக்கும், பெருசு தான் முதல்ல போகும். ஆனா கரண்ட் வந்து தண்ணி ஓட ஆரம்பிச்சதும் மிச்சம் இருக்கறது தேறிடும். உங்க நீமோ மதியம் வரைக்கும் மூச்சு வாங்குதுன்னா அது கரண்ட் பிரச்சனை இல்ல. அம்மோனியா கிட்ல ஒரு தடவை பார்த்திடுங்க, பூஜ்யம் தான் வரணும், கடல் தண்ணி பிஎச் 8.2 இருக்கறதால கொஞ்சூண்டு அம்மோனியாவே நல்ல தண்ணி தொட்டியை விட பல மடங்கு விஷம்.

போர் தண்ணி புளோரைடு தான் காரணமான்னு கேட்டிருந்தீங்க. கடல் தண்ணியிலயே லிட்டருக்கு சுமார் 1.3 மில்லிகிராம் புளோரைடு இருக்குது, அதனால ஒரே ராத்திரியில மீன் சாகாது. ஆனாலும் போர் தண்ணி ஊத்தாதீங்க, ஆர்ஓ தண்ணி தான். குழாய்ல வர்ற ஒகேனக்கல் தண்ணியை குளோரின் எடுக்காம நேரா ஊத்தினீங்கன்னா அது வேற, செவுள் வெந்துடும்.

இப்ப நீங்க அனுப்பின போட்டோ. நீமோவுக்கு பின்னாடி பாறை மேல ஒரு எறால் நிக்குது பாருங்க, ஜம்முனு நிக்குது. அதனால விஷம் இல்ல. புது மீன் வந்து பத்து நாள், ஒரே ராத்திரியில டோரி போயிருக்கு, என் கணக்குக்கு இது வெல்வெட். இது முதல்ல செவுளை தான் புடிக்கும், உடம்புல ஒண்ணும் தெரியறதுக்கு முன்னாடியே மீன் போயிடும், அதான் திடீர்னு செத்த மாதிரி இருக்குது. லைட்டை எல்லாம் அணைச்சிட்டு டார்ச்சை பக்கவாட்டுல அடிச்சு பாருங்க, மஞ்சள் பொடி லேசா தூவின மாதிரி இருந்தா வெல்வெட், எண்ணுற அளவுக்கு உப்புக்கல்லு மாதிரி புள்ளி இருந்தா இக், இக்கு இவ்ளோ வேகமா கொல்லாது. மீன் வேவ்மேக்கர் (தொட்டிக்குள்ள அலை அடிக்கிற பம்ப்பு) தண்ணி வேகமா வர்ற இடத்துல மூஞ்சியை குடுத்துட்டு நிக்குதா, லைட்டை கண்டா ஒளியுதா, அதையும் பாருங்க, அதுவும் வெல்வெட் அடையாளம் தான். நீமோவுக்கு மட்டும் கெட்டியா சளி உரிஞ்சு தொங்குதுன்னா அது புரூக்ளினெல்லாங்கற வேற ஒட்டுண்ணி, அதுக்கு காப்பர் ஒண்ணும் பண்ணாது, ஃபார்மலின் தான் கேக்கும்.

செத்த டோரியை தூக்கி போட்டுட்டீங்களா? அடுத்த தடவை போடாதீங்க. செத்து ஒரு மணி நேரத்துக்குள்ள செவுள்ல துளியூண்டு வெட்டி பசங்க ஸ்கூல் மைக்ராஸ்கோப்ல 100 மடங்குல பாருங்க, அசையாம கருப்பு மூட்டை மாதிரி ஒட்டிட்டு இருந்தா வெல்வெட், மெதுவா சுத்திட்டே இருந்தா இக். என் பையன் மைக்ராஸ்கோப்ல பார்த்த அன்னைக்கு தான் எனக்கு யூகம் பண்றது நின்னுச்சு.

மிச்சம் இருக்கற மீன் எல்லாத்தையும் மாத்தி வைத்தியம் பண்ண இன்னைக்கு ராத்திரியே ஒரு புது பிளாஸ்டிக் டப் வாங்குங்க, 50 லிட்டர் போதும், பெயிண்ட் இருந்த பக்கெட் வேணாம். புதுசா கலக்கின உப்பு தண்ணி, ஹீட்டர், ஏர் ஸ்டோன், ஒளிய நாலு பிவிசி பெண்டு, அவ்ளோ தான், பாறை மணல் கூடாது. காப்பர் அதுல தான், டெஸ்ட் கிட் கையில இல்லாம ஒரு சொட்டு கூட விடாதீங்க. நம்ம பக்கம் உரக்கடையில மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சல்லிசா கிடைக்குதுன்னு கண்ணளவுல போட்டு மீனை கொன்னவங்க உண்டு, மயில்துத்தம் போட்டா டப் தண்ணியில லிட்டருக்கு 0.15ல இருந்து 0.2 மில்லிகிராம் காப்பர் நிக்கணும், கீழ போனா ஒட்டுண்ணி சாகாது, மேல போனா மீன் சாகும். பாட்டில் காப்பருக்கு அளவு வேற, லேபிள்ல இருக்கறபடி போடுங்க. ஒரு மாசம் அதே அளவுல வச்சிருங்க, தினமும் அம்மோனியா பார்த்து தண்ணி மாத்துங்க. பெரிய தொட்டியில ரெண்டரை மாசம் ஒரு மீன் கூட இருக்கக்கூடாது, மீன் கிடைக்காம தான் அந்த சனியன் சாகும், எறால் நத்தை எல்லாம் அங்கயே இருக்கட்டும்.

டாம்சல் நல்லா தான இருக்குன்னு அதை மட்டும் விட்டுடாதீங்க, அநேகமா கொண்டு வந்ததே அது தான். புடிக்கறதுக்கு பாறை மொத்தத்தையும் வெளிய எடுக்க வேண்டி வரும். எடுங்க.