443-இல் துண்டு போட்டது யார்?

கேள்வி: பத்தமடையில் பாய்க் கடை வைத்திருக்கிறோம். பெண், மாப்பிள்ளை பெயர் போட்ட கல்யாணப் பாய்க்கு ஆர்டர் எல்லாம் இப்போது வலைத்தளம் வழியாகத்தான் வருகிறது. வாடகை சர்வர், அதில் உபுண்டு இயங்குதளம், தளத்தை எடுத்துக் கொடுக்க அப்பாச்சி என்ற நிரல். திங்கட்கிழமை சர்வரை ரீபூட் செய்ததிலிருந்து தளம் திறக்கவில்லை. 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்றும் 443 என்றும் பிழை காட்டுகிறது. தளம் செய்து கொடுத்தவர், எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, மூன்று வருஷத்துக்குச் சேர்த்து வாங்க 8,500 ரூபாய் ஆகும் என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அண்ணாச்சி. தளம் உங்களுடையதுதான் என்று பிரவுசருக்குக் காட்டுவதுதான் சான்றிதழ். உங்கள் பிழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சான்றிதழ் காலாவதியானாலும் அப்பாச்சி எழுந்துவிடும். கடைக்கு வருகிறவருடைய பிரவுசர்தான் 'இது பாதுகாப்பில்லை' என்று கத்தும். உங்களுக்கோ அப்பாச்சியே எழவில்லை.

வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் பாபநாசம் வண்டி வந்து நிற்கும் முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, போர்ட் என்பது அந்த சீட்தான். 80 சாதாரண சீட், 443 பாதுகாப்பான சீட். ஒரு சீட்டில் ஒரு நிரல்தான் உட்காரலாம். உங்கள் 443-இல் வேறொருவர் துண்டு போட்டுவிட்டார், அப்பாச்சி வந்து பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டது. பிழைச் செய்தி சொல்வது இவ்வளவுதான்.

இத்தனை நாள் ஓடியது ரீபூட் செய்ததும் ஏன் நின்றது? ரீபூட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டிக்கு ஓடுகிறார்கள். முன்பு அப்பாச்சி முந்தியது. இந்த முறை இன்னொருவர் முந்திவிட்டார்.

அந்த இன்னொருவர் யார் என்று சர்வரிடமே கேளுங்கள். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் சுடோ என்று அடித்து, இடம் விட்டு, எஸ் எஸ். மறுபடி இடம் விட்டு, ஒரு சின்னக் கோடு, அதை ஒட்டியே எல், டி, என், பி. எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து: sudo ss -ltnp. சுடோவை விடாதீர்கள், விட்டால் பட்டியல் வரும், ஆளின் பெயர் வராது. 443 உள்ள வரியின் கடைசியில் பெயர் இருக்கும். என்ஜின்எக்ஸ் என்று இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன், அதுவும் அப்பாச்சி போலவே தளத்தை எடுத்துக் கொடுக்கும் நிரல்தான். நம் ஊர்ப் பக்கம் தளம் செய்கிறவர்கள் பாதிப் பேர், ஏதோ வீடியோவைப் பார்த்து அப்பாச்சி இருக்கிற சர்வரிலேயே என்ஜின்எக்ஸையும் ஏற்றிவிட்டு, அதைச் சொல்லாமலேயே போய்விடுகிறார்கள்.

அதில் வேறெதுவும், முக்கியமாகப் பணம் வாங்கும் பகுதி, ஓடவில்லை என்று தளம் செய்தவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் அதை ஸ்டாப் செய்யுங்கள். ஸ்டாப் மட்டும் போதாது, டிசேபிளும் செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் அதே துண்டு மறுபடி விழும். அதன்பின் அப்பாச்சியைக் கிளப்பலாம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், இதில் நானே ஒரு ராத்திரி முழுக்க முழித்துக்கிடந்திருக்கிறேன். பட்டியலில் 443 வரியே இல்லை, சீட் காலி. ஆனாலும் அப்பாச்சி 'ஆள் இருக்கிறது' என்றே சொல்லும். பேய் ஒன்றும் இல்லை, அது தன்னோடு தானே சண்டை போடுகிறது. உபுண்டுவில் போர்ட்ஸ் டாட் கான்ஃப் என்ற கோப்பிலேயே 'லிசன் 443', அதாவது 443-இல் உட்கார் என்ற வரி, இருக்கும். தளத்துக்கென்று உள்ள கோப்பிலும் யாராவது அதே வரியை எழுதி வைத்திருந்தால், ஒரே ஆள் இரண்டு ஜன்னல் வழியாக ஒரே சீட்டில் துண்டு போட்டுவிட்டு, தன் துண்டைப் பார்த்தே கோபித்துக்கொள்கிற கதைதான். அப்பாச்சி விழுந்துவிடுவதால் நீங்கள் போய்ப் பார்க்கும்போது துண்டும் இருக்காது. சில பதிப்புகள் 'ஒரே எண்ணை இரண்டு தடவை சொல்லியிருக்கிறாய்' என்று நேராகவே சொல்லிவிடும், சிலது இதே பழைய பாட்டைத்தான் பாடும். தளக் கோப்பில் உள்ள லிசன் வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டால் தீர்ந்தது. இரண்டு கோப்பிலும் போட்டுவிடாதீர்கள், அப்புறம் 443-ஐ யாரும் கேட்கவே மாட்டார்கள். கான்ஃபிக்டெஸ்ட் என்ற சோதனைக் கட்டளை 'சின்டாக்ஸ் ஓகே' என்று சொன்னதை நம்பியும் உட்கார்ந்துவிடாதீர்கள். அது எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, சீட் காலியா என்று எட்டிப் பார்க்காது.

இனி அந்த 8,500. மூன்று வருஷச் சான்றிதழ் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. 2020 செப்டம்பர் முதல் கொடுத்த சான்றிதழ் எதையும் 398 நாளுக்கு மேல் பிரவுசர்கள் ஏற்பதில்லை. 2026 மார்ச் 15 முதல் அது 200 நாள், 2029 மார்ச்சில் 47 நாள். மூன்று வருஷப் பணத்தை இப்போது வாங்கிக்கொண்டு, நடுநடுவே மாற்றித் தருகிறோம் என்பார்கள். மாற்ற வேண்டிய நாளில் போனை எடுக்க மாட்டார்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 கடைசியிலிருந்து இதை இலவசமாகத் தருகிறது. 90 நாள்தான், ஆனால் செர்ட்பாட் என்ற நிரல் தானே புதுப்பித்துக்கொள்ளும். உங்கள் கடைக்கு இதுவே தாராளம். 'இலவசம் என்றால் பாதுகாப்பு கம்மி' என்று யாராவது சொன்னால், எந்த இடத்தில் கம்மி என்று திருப்பிக் கேளுங்கள்.

சர்வர் வாடகைக்கு விட்ட கம்பெனிக்கு எழுதினால் என்ன வரும் என்பதும் எனக்குத் தெரியும். நான் எழுதிய ஒரு புகாருக்கு, பிழைச் செய்தியை வரி மாறாமல் ஒட்டி அனுப்பியும், 'பிரவுசர் கேஷை அழித்துப் பாருங்கள்' என்று பதில் போட்டு, 'தீர்ந்தது' என்று மூடிவிட்டார்கள். மாசாமாசம் வாடகை மட்டும் தேதி தவறாமல் எடுக்கத் தெரிகிறது!

சர்வரின் முழு அதிகாரமும் தரும் ரூட் பாஸ்வேர்டு யார் கையில் இருக்கிறது, டொமைன் என்கிற தள முகவரியின் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். தளம் செய்தவரிடம் இருந்தால், சண்டை போடுவதற்கு முன்னால், நைசாகப் பேசி உங்களிடம் மாற்றிக்கொள்ளுங்கள். துண்டை எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு. எல்லாம் சரியானதும், முகூர்த்த ஆர்டர் நெருக்காத நாளாகப் பார்த்து, ராத்திரியில் நீங்களே ஒரு தடவை ரீபூட் செய்து, கடை வைஃபையை அணைத்துவிட்டு போன் டேட்டாவில் தளத்தைத் திறந்து பாருங்கள்.