வாசகர் கேள்வி – பதில்: பிரெஸ்ஸாவா, நெக்ஸானா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் விவசாயம் செய்கிறேன். தினமும் வயலுக்குப் போய்வர ஆறு கிலோமீட்டர். மாதம் ஒரு முறை, மூட்டுவலி உள்ள அம்மாவையும் அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் போவோம். மாருதி பிரெஸ்ஸா பெட்ரோல், டாடா நெக்ஸான் டீசல் ஆகிய இரண்டில் எதை வாங்கலாம்?

பதில்: எந்த வண்டி, எந்த எரிபொருள் என்னும் இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். முதலில் எரிபொருளைப் பார்ப்போம். பி.எஸ். 6 என்னும் புகை மாசு விதிப்படி வரும் டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அதில் சேரும் கரி ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில்தான் எரிந்து தீரும் என்பதால், வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓடியாக வேண்டும். எஞ்சின் முழுதாகச் சூடேறுவதற்குள் வயல் வந்துவிடும் உங்கள் ஓட்டத்தில் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளவே வாய்ப்பு அதிகம். மாதம் ஒரு திருச்சிப் பயணம் அதற்குப் போதாது.

நம் பகுதிக்கே உரிய ஆபத்து இன்னொன்றும் இருக்கிறது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோலும், பிறகு உளுந்துச் செடியும் சாலையில் பரப்பப்படுகின்றன. அவற்றின் மேல் ஓட்டிச் சென்றால் அடிப்பகுதியில் சுற்றிக்கொள்ளும் காய்ந்த வைக்கோலும் செடியும் புகைக்குழாயின் சூட்டில் தீப்பற்றக்கூடும். பெட்ரோல் வண்டிக்கும் இது பொருந்தும். ஆனால் கரி எரியும் நேரத்தில் டீசல் வண்டியை வைக்கோல் மேல் நிறுத்துவது இன்னும் ஆபத்தானது. ஆகவே டீசல் வேண்டாம்.

அப்படியானால் பிரெஸ்ஸாதானே என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நெக்ஸானிலும் பெட்ரோல் உண்டு. இரண்டின் நீளமும் 3,995 மில்லிமீட்டர்தான். ஆனால் பிரெஸ்ஸாவின் எஞ்சின் 1,462 சிசி என்பதால் 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு 40 விழுக்காடு ஜி.எஸ்.டி.; 1,199 சிசி உள்ள நெக்ஸானுக்கு 18 விழுக்காடு. பாரத் என்கேப் மோதல் சோதனையில் நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்றிருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். நெக்ஸானில் உள்ள டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் கருவி) இல்லாத பிரெஸ்ஸாவின் எஞ்சின் குறைந்த வேகத்தில் இன்னும் இதமாக இழுக்கும் என்பது உண்மையே. இருந்தும் உங்களுக்கு நான் சொல்வது நெக்ஸான் பெட்ரோல்.

முன்பணம் கட்டுவதற்கு முன் அம்மாவை அழைத்துப் போய் இரண்டு வண்டியின் பின்னிருக்கையிலும் ஏறி இறங்கச் சொல்லுங்கள். பிரெஸ்ஸாதான் முழங்காலுக்கு எளிது என்று அவர் சொன்னால், வரி வேறுபாட்டைப் பாராமல் அதையே வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் கரையோரம் தேங்கிய நீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். நீர் புகுந்த எஞ்சினை முடுக்குவதால் வரும் சேதத்துக்குச் சாதாரணக் காப்பீட்டில் பணம் கிடைக்காது.