சமயம் என்று கேட்கிற அந்தக் கட்டம்

தங்கச்சி, ஜேர்மனிக்கு வந்து ஒரு கிழமைதான் ஆகிறது, அடுத்த கிழமை நகரசபையில் பதியப் போகவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். படிவத்தில் சமயம் என்று கேட்கிற கட்டத்தில் கத்தோலிக்கம் என்று போடாதீர்கள், போட்டால் கோயில் வரி என்று சம்பளத்தில் வெட்டுவார்கள் என்று உங்கட கணவரோடு வேலை செய்கிற தமிழர்கள் சொல்கிறார்களாம். வீடு எந்தப் பக்கம் எடுக்கலாம், குளிர் உடுப்பு எங்கே வாங்கலாம், இந்த நாட்டில் இரண்டு பிள்ளைகளையும் விசுவாசத்தில் வளர்க்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கும் உடுப்புக்கும் பதில் சொல்ல நிறையப் பேர் வருவார்கள். நான் கட்டத்துக்கும் பிள்ளைகளுக்கும் வருகிறேன்.

கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சம்பளத்தில் 9 வீதம் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். அது பிழை. வருமான வரியில்தான் 9 வீதம், பவேரியாவிலும் பாடன் வூர்ட்டம்பேர்க்கிலும் 8 வீதம். மாதம் 400 யூரோ வருமான வரி போனால் கோயில் வரி 36 யூரோ. பிள்ளைகள் இருந்தால் அதிலும் குறையும். வருட முடிவில் வரிக்கணக்குக் கொடுக்கும்போது அதைச் செலவாகக் காட்டலாம், ஒரு பங்கு திரும்பும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் "ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டுப் பத்து வருடம் நிம்மதியாக இருந்தது. மகளை முதல் நன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கப் பதியப் போன இடத்தில் ஞானஸ்நானப் பத்திரம் வெளியே வந்தது, பிறகு பின்னுக்குள்ள வருடங்களுக்கும் சேர்த்து வரிக்கடிதம் வந்தது. அந்தப் பிள்ளையின் நன்மை நாளில் தாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேறு சிலர் திருச்சபையை விட்டு முறையாகவே விலகுகிறார்கள். எங்கட நோர்ட்ரைன் வெஸ்ட்பாலன் மாநிலத்தில் நீதிமன்றத்துக்குப் போய் 30 யூரோ கட்டிக் கையெழுத்து வைத்தால் முடிந்தது. பிறகும் நத்தாருக்குப் பட்டுச்சேலையோடு முன் வாங்கில் வந்து இருப்பார்கள். 2012 இல் இங்குள்ள ஆயர்கள் எழுதி வைத்தது அவர்களுக்குத் தெரியாது: விலகியவர் பாவசங்கீர்த்தனம் செய்யமுடியாது, நற்கருணை வாங்கமுடியாது, ஞானப்பெற்றோராக நிற்கமுடியாது. மரண ஆபத்தில் மட்டும்தான் விலக்கு. இப்படி எழுதியது சரியா என்று நானும் எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். சரியோ பிழையோ, தெரிந்துகொண்டு கையெழுத்து வையுங்கள்.

எனக்கு இதில் இவ்வளவு கோபம் வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது கத்தோலிக்கச் சுவாமிமாரைத் துரத்தினார்கள். பதவி வேண்டுமென்றால் அவர்களுடைய சபையில் பெயர் பதியவேண்டும். 1687 இல் யோசப் வாஸ் சுவாமி கோவாவிலிருந்து வந்து சேரும்வரை கிட்டத்தட்ட 30 வருடம் எங்கட ஆட்களுக்குப் பூசை இல்லை. அவர் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தாராம், அதைக் கண்டு எந்த வீட்டில் முகம் மாறுகிறது என்று பார்க்க. முகம் மாறியது, தங்கச்சி! கோயிலும் சுவாமியும் இல்லாத அத்தனை வருடமும் அடுப்படியிலும் திண்ணையிலும் செபம் நடந்திருக்கிறது. அவர்கள் பயத்தில் மறைத்தார்கள். இங்கே உங்களை யாரும் துரத்தவில்லை. 36 யூரோவுக்கு "ஒன்றுமில்லை" என்று எழுத என் கை வராது.

நான் வந்தது 1984 மார்கழி. கிழக்கு பேர்லினில் விமானம் இறங்கி, ரயிலில் மேற்குக்கு வந்து, அங்கிருந்து இந்த மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் அகதி முகாமுக்கு அனுப்பினார்கள். வயது 22. கையில் ஒரு பை, அதற்குள் பாசையூர் அந்தோனியார் படம். முதல் ஞாயிறு மணிச்சத்தம் கேட்டு, அந்தத் திசையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனேன். ஊரில் செய்கிற மாதிரிச் சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே போனேன். கல் நிலம் ஐஸ் மாதிரி இருந்தது. ஒரு கிழவி எழும்பி வந்து என் காலைக் காட்டி ஏதோ சொன்னா. ஏசுகிறா என்று நினைத்து அழுகை வந்துவிட்டது. அவ வெளியே போய், என் சப்பாத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தா. பிறகு பக்கத்திலேயே இருந்து பாட்டுப் புத்தகத்தை விரித்து, பாடுகிற வரிக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டே வந்தா. உருளைக்கிழங்குத் தோட்டத்து மண் நகத்துக்குள் கறுப்பாக இருந்தது. சாகும்வரை ஒன்பது வருடம் எங்கள் இரண்டு பேருக்கும் அதே வாங்குதான். "கெக்ரூஸெட் ஸைஸ்ட் டூ, மரியா" என்று அருள்நிறை மரியே செபத்தை ஜேர்மனில் நான் சொல்லப் பழகியது அவவின் வாயைப் பார்த்து.

அதனால்தான் ஜேர்மன்காரருக்கு விசுவாசம் இல்லை என்று எங்கட ஆட்கள் சொல்லும்போது எனக்குப் பொறுக்காது. கோயில்கள் வெறுமையாகின்றன, உண்மை. 2022 இல் மட்டும் 5 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு விலகினார்கள். ஆனால் இருக்கிறவர்களைப் பாருங்கள். நோயாளிக்கு நற்கருணை கொண்டு போவதும், பிள்ளைகளை நன்மைக்கு ஆயத்தப்படுத்துவதும் சம்பளம் இல்லாத தாய்மார். மாதம் ஒருமுறை தமிழ்ப்பூசைக்கு 80 கிலோமீற்றர் ஓடிப்போய், மற்ற மூன்று ஞாயிறும் படுத்து எழும்புகிறவர்கள் அவர்களைக் குறை சொல்லக்கூடாது. தமிழ்ப்பூசைக்குப் போங்கள், நானும் போகிறேன், தாய்மொழியில் பாடி அழாமல் இருக்கமுடியாது. ஆனால் உங்கட தெருக்கோயில்தான் உங்கட பங்கு. பிள்ளையோடு படிக்கிற பிள்ளைகள் அங்கேதான் பீடத்தில் உதவி செய்யும்.

முதல் நன்மை இங்கே பெரும்பாலும் மூன்றாம் வகுப்பில். எங்கட பங்கில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி வெள்ளை அங்கி போடுவார்கள், யார் வீட்டில் காசு இருக்கிறதென்று தெரியக்கூடாது என்பதற்காக. எங்கட ஆட்கள் அதைக் கழற்றிவிட்டு மத்தியானம் மண்டபம் எடுத்து, முந்நூறு பேருக்குச் சாப்பாடு, மூன்றடுக்குக் கேக், வீடியோ. அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையைத் தேடினால் இராது. அந்தக் காசைப் பற்றி நான் கதைக்கவில்லை. பிள்ளைக்கு அன்று வாயில் வாங்கியது என்ன என்று தெரியாமல் போகிறதே, அதுதான் வயிறு எரிகிறது.

இன்னொன்றையும் முதலே தெரிந்து வையுங்கள். இந்த நாட்டில் 1921 இலிருந்து இருக்கிற சட்டப்படி 14 வயதானால் சமயத்தைப் பிள்ளை தானே தீர்மானிக்கலாம். உங்கட கையெழுத்துத் தேவையில்லை. மூத்தவனுக்கு ஆறு என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு வருடம் இருக்கிறது.

எங்களுக்கும் இருந்தது. என்ர கணவருக்கு உணவகத்தில் இரவு வேலை, எனக்கு அதிகாலைத் துப்புரவு வேலை. ஆனாலும் செபமாலை தவறவில்லை. ஏழு மணிக்குத் தொலைக்காட்சியை நிறுத்தி, அந்தோனியார் படத்துக்கு முன்னால் முழந்தாளில் நிற்கவேண்டும். ஒருநாள் மகன், அப்போது ஒன்பது வயது, இடையில் நிறுத்திக் கேட்டான்: "அம்மா, திருவயிற்றின் கனி எண்டால் என்ன?" நான் விடிய நாலு மணிக்கு எழும்பினவள். "கதையாமல் சொல்லு" என்றேன். அவன் பிறகு கேட்கவேயில்லை. என்ர அம்மா "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று பழைய செபம் சொல்வா. அதில் பாதி எனக்கும் விளங்கியதில்லை. ஆனால் எனக்குச் சுற்றிவர ஊர் இருந்தது, பெருநாள் இருந்தது, தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்கிற வியாகுலப் பிரசங்கம் ஒலிபெருக்கியில் வீட்டுக்குள் வந்தது. அவனுக்கு அந்த அரை மணித்தியாலம் மட்டும்தான் இருந்தது, அதையும் நான் விளங்கப்படுத்தவில்லை. இரண்டு மொழியிலும் சொல்லிக்கொடுங்கள், தங்கச்சி. கேள்வி கேட்டால் செபமாலையைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அவன் பீடப்பிள்ளையாக இருந்தவன். மூன்று இராசாக்கள் திருநாளுக்குக் காகித முடி வைத்து வீடு வீடாகப் போய், "கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிப்பாராக" என்பதன் இலத்தீன் முதலெழுத்துகளைக் கதவில் எழுதினவன். எட்டாத உயரத்துக்கு எம்பி எழுதியதால் கடைசி எழுத்துச் சரிந்திருந்தது. 27 வயதில் அவன் விலகிவிட்டான். எனக்குச் சொல்லவில்லை. பங்கிலிருந்து அவன் பெயருக்கு வந்த கடிதம் பழைய முகவரி என்று எங்கள் வீட்டுக்கு வந்தது, அதைக் கொடுக்கும்போது அவன் முகத்தில் தெரிந்துகொண்டேன். அன்று இரவு நான் சாப்பிடவில்லை, அவரும் சாப்பிடவில்லை.

ஆனால் ஒவ்வொரு ஆகஸ்டிலும் என்னைக் கெவலாருக்கு அவன்தான் காரில் கொண்டு போகிறான். ஒல்லாந்து எல்லைக்குக் கிட்டிய ஊர். எங்களுக்கு அதுதான் ஊரிலுள்ள மடு மாதா கோயில் மாதிரி. யாத்திரை நடக்கிற சனிக்கிழமை ஆயிரக்கணக்கில் தமிழர் வருவார்கள், சைவ ஆட்களும் நேர்த்தி வைத்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். அங்கே மாதா சுரூபம் இல்லை, உள்ளங்கையளவு ஒரு காகிதப் படம்தான். 1642 இல் அங்கே சிற்றாலயம் எழுப்பியவர் புஸ்மன் என்ற நடைவியாபாரி. ஊரூராகச் சாமான் விற்றவர். சிலுவையடியில் மூன்று தடவை குரல் கேட்டு, நாளாந்த உழைப்பில் சில்லறை சில்லறையாகச் சேர்த்துக் கட்டினார். படத்தை இரவு வெளிச்சத்தில் முதலில் கண்டது அவருடைய மனைவி.

போன வருடம் மகன் தன்னுடைய மகளையும் கூட்டிவந்தான், நாலு வயது. அவளைத் தோளில் தூக்கி வைத்துச் சாளரத்தால் படத்தைக் காட்டினான். ஏன் இவ்வளவு சின்னது என்று அவள் கேட்டாள். அவன் அந்த வியாபாரியின் கதையை முதலிலிருந்து ஆறுதலாகச் சொன்னான், வரிசையில் பின்னுக்கு நின்றவர்களை முன்னுக்குப் போகவிட்டுவிட்டு. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்களும் வாருங்கள். எங்கட காரில் இடம் காணாது, ஆனால் பக்கத்து ஊரிலிருந்து எங்கட ஆட்கள் பஸ் ஒழுங்குபண்ணுகிறார்கள், நாலு இடம் சொல்லிவைக்கிறேன். அன்று வெயிலாக இருக்கும், பிள்ளைகளுக்குத் தொப்பி எடுத்து வையுங்கள்.