பரிந்து உரைப்பவர் யார்?

கேள்வி: சமூக ஊடகங்களின் பரிந்துரையை வேண்டாமென ஒதுக்கும் உரிமையை ஐரோப்பாவில் சட்டமே தருகிறதாமே! சிங்கப்பூருக்கும் அப்படியொரு சட்டம் தேவையில்லையா? (வாசகர், ஈசூன்)

பதில்: முதலில் அந்தப் ‘பரிந்துரை’யைக் கவனியுங்கள். பரிந்து உரைப்பதுதான் பரிந்துரை. தேக்கா சந்தை மீன்கடைக்காரர், “இன்றைக்கு வஞ்சிரம் வேண்டாம் அண்ணே, நேற்றைய சரக்கு” என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறாரே, அது பரிந்துரை. முழங்கால் வலிக்கு ஒரே ஒருமுறை தைலம் தேடிய குற்றத்துக்காக, ஆறு வாரமாக ஊன்றுகோலும் மூட்டு மாற்றுச் சிகிச்சையும் காட்டி என்னைத் தொண்டு கிழவனாக்கிவரும் கைப்பேசிக்குப் பரிவு உண்டென்றால், அது விளம்பரதாரர் மீது மட்டுமே. யாருக்கு எதைக் காட்டுவது என்று இதன் பின்னாலிருந்து முடிவுசெய்யும் கணினிக் கணக்கான அல்காரிதத்தை ‘நெறிமுறை’ என்று தமிழாக்குவோரோடு எனக்குள்ள நெடுநாள் வழக்கை இப்பக்கத்தின் பழைய வாசகர்கள் அறிவார்கள். ‘படிமுறை’ என்று எழுதினால் யார் அடிக்கப்போகிறார்கள்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்னிலக்கச் சேவைகள் சட்டம், எதை வைத்துப் பதிவுகள் நம் முன் அடுக்கப்படுகின்றன என்பதை எளிய மொழியில் விளக்கச் சொல்கிறது. அங்கு மாதந்தோறும் 45 மில்லியன் பேருக்குக் குறையாமல் பயன்படுத்தும் பெருந்தளங்கள், பயனரின் விருப்பங்களையும் பழக்கங்களையும் எடைபோடாமல் அடுக்கிய பட்டியல் ஒன்றையேனும் தர வேண்டும் என்கிறது. விளக்கம் தருவது எளிது. யாரும் படிக்காத விதிமுறைப் பக்கத்தில் நான்கு பத்தி கூடும், அவ்வளவுதான். தளங்களுக்குக் கசப்பது தெரிவு. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் வேறு பட்டியலைத் தேர்ந்தெடுத்தவர் செயலியை மூடித் திறந்ததும் பழையதே வந்து நிற்கிறது என்ற வழக்கில், பயனரின் தெரிவு நிலைத்திருக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் அவ்விரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கு ஆணையிட வேண்டியிருந்தது. பல் தேய்ப்பதைப்போல் நாள்தோறும் செய்ய வேண்டிய தெரிவுக்குப் பெயர் உரிமையா?

சீனாவும் பரிந்துரையை அணைத்துவைக்கும் வசதியை 2022 மார்ச் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டி, பரிந்துரைக்கும் செயற்கை நுண்ணறிவு நம் தகவலை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதைப் பயனருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. ஆனால் அது ஆலோசனையே, சட்டமன்று.

ஆகவே சட்டம் வரட்டும். அணைக்கும் பொத்தான் முகப்பிலேயே இருக்க வேண்டும், ஒருமுறை அணைத்தால் நாமே மாற்றும்வரை அணைந்தே கிடக்க வேண்டும் என்ற இரண்டையும் அதன் முதல் பிரிவிலேயே எழுதிவிடட்டும். அதன் தமிழாக்கத்தை மட்டும், தயவுசெய்து, அச்சுக்குப் போகுமுன் என்னிடம் ஒருமுறை காட்டிவிடட்டும்.