பிபி மாத்திரையும் கைபேசியும்: கேள்வி பதில்

வீட்டு பிபி கருவி, மாத்திரை நினைவூட்டி, செயலிகள் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரு பொது மருத்துவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அம்மா தஞ்சாவூரில் இருக்கிறார், நான் சென்னையில். அவருடைய பிபி கருவி அளவுகளை என் கைபேசிக்கு அனுப்பிவிடும். ஒருநாள் 128, மறுநாள் 151, அப்புறம் 139. எதை நம்புவது?

பதில்: தனியாக எந்த எண்ணையும் நம்ப வேண்டாம். சராசரிதான் முக்கியம். டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய ஏழு நாளும் காலையில் மாத்திரை போடும் முன்பும், மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுங்கள். அது 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ டாக்டரிடம் பேச வேண்டும். ஆஸ்பத்திரியில் பார்க்கும்போது இதே எல்லை 140/90.

அம்மா ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட, பேசாமல் இருக்க வேண்டும். கருவியின் பட்டையை ரவிக்கைக் கையின் மேல் கட்டக் கூடாது. இறுக்கமான கையைச் சுருட்டி மேலே ஏற்றுவதும் தவறு. தளர்ந்த நைட்டி நல்லது. இன்னொன்று: 151 என்று வந்ததும் போன் போட்டு “என்னம்மா சாப்பிட்டே?” என்று கேட்காதீர்கள். அடுத்த தடவை பயத்திலேயே ஏறும்.

கேள்வி: ஸ்மார்ட் வாட்ச் காட்டும் பிபி போதாதா?

பதில்: மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ போதாது. மேல்கையில் கட்டும் கருவி வாங்குங்கள், கையின் சுற்றளவுக்கு ஏற்ற பட்டையோடு. பட்டை சிறிதாக இருந்தால் பிபி அதிகமாகக் காட்டும்.

கேள்வி: அளவுகளை டாக்டருக்கு அனுப்புவதால் உண்மையிலேயே பிபி குறையுமா?

பதில்: அனுப்பினால் மட்டும் குறையாது. அவர் அதைப் பார்த்து மருந்தை மாற்றினால் குறையும். பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2018-இல் வெளியானது. வீட்டு அளவுகளை வைத்து மருந்தைச் சரிசெய்தவர்களுக்கு, ஓராண்டு முடிவில் பிபியின் மேல் அளவு (முதல் எண்) மற்றவர்களைவிட 3 முதல் 5 புள்ளி குறைவாக இருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்களுடைய டாக்டர்கள் மருந்தைக் கூட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். அதனால் செயலியைத் தேடும் முன் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: “சராசரியை அனுப்பினால் யார் பார்ப்பார்கள், எத்தனை நாளில் பதில் வரும்?” பதில் இல்லையென்றால், ஒரு தாளில் எழுதி நேரில் காட்டுவதே மேல்.

கேள்வி: அப்பா நினைவூட்டி அலாரத்தை அணைத்துவிட்டு, மாத்திரையும் போடுவதில்லை.

பதில்: அலாரம் மறதிக்கு மருந்து. அவருக்கு மறதி இல்லை, வேறு காரணம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிபி மாத்திரைகளில் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். எனலாபிரில், ராமிபிரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். எல்லாவற்றுக்கும் மாற்று மருந்து உண்டு. தொந்தரவைச் சொல்லாமல் மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போடுகிறாரா என்றும் பாருங்கள், அது பிபியை ஏற்றும்.

கேள்வி: காலை மாத்திரையை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்குபவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?

பதில்: அங்கேதான் இதற்குப் பெரிய பயன். 2017-இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், சில மாநிலங்களில் நர்ஸ்கள் ‘சிம்பிள்’ என்ற செயலியில் பிபியைப் பதிகிறார்கள். மாத்திரை வாங்க வராதவர்களின் பட்டியலை அது காட்டும், நர்ஸ் போன் செய்வார். நம் ஊரில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. வீடு மாறினாலோ போன் எண் மாறினாலோ மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: திடீரென்று 180/120 காட்டினால்?

பதில்: ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி பாருங்கள். குறையவில்லை என்றால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், பார்வை மங்கல் இவற்றில் ஏதாவது இருந்தால் இரண்டாவது அளவுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.