பிரமோதூத வருஷத்துப் பேரேடு

அன்புள்ள ஐயா,

பர்மாவில் வட்டிக்கடை நடத்திய நம் செட்டியார்கள் இழந்ததைப் புரிந்துகொள்ள சூசன் ஸ்ட்ரேஞ்சைப் படிக்க வேண்டும் என்று காரைக்குடிக் கூட்டத்தில் சொன்னீர்கள். எங்கள் ஐயாவின் அப்பா பியாப்பூனில் வட்டிக்கடை வைத்திருந்தவர். அங்கிருந்து வந்ததில் இன்று மிச்சம் முகப்பில் நிற்கும் தேக்குத் தூண்களும் ஒரு பெட்டி நிறையப் பேரேடுகளும்தான். லண்டன் பேராசிரியை ஒருவருக்கு எங்கள் பேரேட்டைப் பற்றி என்ன தெரியும்?

ஒரு வாசகி, கானாடுகாத்தான்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பேரேடு அவருக்கு வேண்டியதே இல்லை. அவர் எழுதியது பவுண்டையும் டாலரையும் பற்றி. ஆனால் அவர் கேட்ட கேள்வி உங்கள் வீட்டு முகப்பில் வந்து நிற்கிறது.

1923-இல் பிறந்தவர். லண்டனில் பொருளாதாரம் படித்தார், முனைவர் பட்டம் வாங்கவில்லை. எகானமிஸ்ட், அப்சர்வர் பத்திரிகைகளில் வேலை, வாஷிங்டனில் நிருபர், ஆறு பிள்ளைகளுக்குத் தாய். (பேராசிரியர்களில் இவர் எழுத்து மட்டும் தூக்கம் வரவழைக்காததற்குப் பத்திரிகைப் பழக்கம்தான் காரணம் என்பது என் எண்ணம்.) 1970-இல் ஒரு கட்டுரையில் இரண்டு துறைக்காரர்களையும் ஒன்றாகத் திட்டினார். பன்னாட்டு உறவு படிப்பவர்கள் பணத்தைப் பார்ப்பதில்லை, பொருளாதாரம் படிப்பவர்கள் அதிகாரத்தைப் பார்ப்பதில்லை என்று. 1978-இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பேராசிரியர் ஆனார். 1998-இல் இறந்தார்.

1988-இல் வந்த ‘அரசுகளும் சந்தைகளும்’ நூலில் அதிகாரத்தை இரண்டாகப் பிரிக்கிறார். ஒருவனை மிரட்டியோ காசு கொடுத்தோ வேலை வாங்குவது ஒன்று. எல்லோரும் எந்த விதிக்குள் புழங்க வேண்டும் என்று தீர்மானிப்பது மற்றொன்று. இரண்டாவது நான்கு இடங்களிலிருந்து வருகிறது: பாதுகாப்பு, உற்பத்தி, கடன், அறிவு.

இப்போது ரங்கூனுக்கு வாருங்கள். 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன, போட்டிருந்த பணம் 75 கோடி ரூபாய் என்று அன்றைய வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. மாதாமாதம் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். கடன் என்ற ஓர் இடத்தில் நம்மவர்கள் ராஜாக்கள். மற்றவை? காவலும் கோர்ட்டும் அடமானச் சட்டமும் வெள்ளைக்காரனுடையவை. அரிசி விலை உலகச் சந்தையில் முடிவானது. அந்த விலை சரிந்ததும் விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை, வட்டிக்குப் பதில் வயல் வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937-இல் இருபத்தைந்து பங்கு. நம்மவர்கள் நிலத்தை ஆசைப்பட்டு வாங்கவில்லை, அது முடங்கிய பணம். ஆனால் நிலத்தை இழந்த பர்மியனுக்கு அந்தக் கணக்கு ஏன் புரிய வேண்டும்? நம் வீடுகளில் நாம் இழந்த கதையை மட்டும்தான் சொல்கிறோம். அது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

1942-இல் ஜப்பான்காரன் வந்தான், காவல் போயிற்று. 1948-இல் நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் வந்தது. அறுபதுகளில் ராணுவ ஆட்சியாளர் நே வின் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில்தான் ஸ்ட்ரேஞ்சோடு எனக்குச் சண்டை. 1996-இல் அவர் எழுதிய நூலின் பெயர் ‘அரசின் பின்வாங்கல்’. அரசுகளின் கையிலிருந்த அதிகாரம் சந்தைக்கு நழுவுகிறது என்கிறார். சரி, ஆனால் ஒரே சட்டத்தில் நிலத்தை இழந்தவர்களின் ஊரில் அதைப் படித்தால் சிரிப்பு வரும். அமெரிக்காவின் பிடி தளர்ந்துவிட்டது என்ற பேச்சு வெறும் கட்டுக்கதை என்று 1987-இல் வாதாடியவரும் இவரே. எந்த அரசு பின்வாங்குகிறது, எது திரும்பி வருகிறது என்பதை அவர் இன்னும் பிரித்துச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம், அந்தப் பேரேடுகளைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் போட்டுவிடாதீர்கள். பிரமோதூத (1930-31), பிரசோற்பத்தி (1931-32) வருஷத்துப் பக்கங்களைத் தேடிப் பாருங்கள். வட்டி வரவு எந்த மாதத்தோடு நிற்கிறது, வயல் கணக்கு எங்கே தொடங்குகிறது என்று எனக்கு எழுதுங்கள்.