மாற்றலாகி வந்த பிறகு மேஜரையும் மாற்றலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் இரண்டாண்டு படித்து, 62 கிரெடிட்களுடன் (படித்த பாடங்களின் அளவைக் காட்டும் அலகுகள்) பல்கலைக்கழகத்துக்கு மாற்றலாகி, இயந்திரப் பொறியியலில் சேர்ந்தேன். முதல் செமஸ்டரில் 14 கிரெடிட்கள் முடித்தேன். ஆனால் பொறியியலில் மனம் ஒட்டவில்லை. புள்ளியியலுக்கு மாற விரும்புகிறேன். பட்டத்துக்கு 120 கிரெடிட்கள்தானே? கையில் 76 இருக்கும்போது மூன்று செமஸ்டரில் முடித்துவிடலாம் அல்லவா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முடித்துவிடலாம். ஆனால் 120-இலிருந்து 76-ஐக் கழித்து, மிச்சத்தை மூன்றால் வகுத்து அதைத் தீர்மானிக்க முடியாது. பழைய கல்லூரியில் படித்த பாடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வது வேறு. அந்தப் பாடம் உங்கள் மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, வேண்டிய ஒன்றை நிறைவு செய்வது வேறு. ஏற்கப்பட்டும் எங்கும் பொருந்தாத பாடம் விருப்பப் பாடமாக ஒதுக்கப்படும். விருப்பப் பாடங்களுக்கான இடம் நிரம்பிவிட்டால், அதற்கு மேல் வைத்திருக்கும் கிரெடிட்களால் பட்டம் ஒரு நாள்கூட முன்னதாகக் கிடைக்காது.

உங்களைப் பொறுத்தவரை இழப்பு பெரிதாக இருக்காது என்றே நினைக்கிறேன். நுண்கணித வரிசை, நேரியல் இயற்கணிதம், நிரலாக்கம் ஆகியவை புள்ளியியலுக்கும் அடித்தளம். இயற்பியலும் வேதியியலும் பெரும்பாலும், எல்லா மாணவரும் படிக்க வேண்டிய பொதுக்கல்வியின் அறிவியல் பங்கில் அமர்ந்துவிடும். நிலையியலும் வெப்ப இயக்கவியலும்தான் விருப்பப் பாடங்களாகும். அவற்றுக்காகக் கண்விழித்த இரவுகளுக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை.

காலத்தை உண்மையில் தீர்மானிப்பது பாடங்களின் சங்கிலி. நிகழ்தகவை முடித்தால்தான் கணிதப் புள்ளியியல். அதை முடித்தால்தான் உயர்நிலைப் பாடங்கள் சிலவற்றில் இடம் கிடைக்கும். ஒரே செமஸ்டரில் இருபது கிரெடிட்கள் எடுக்கத் துணிந்தாலும் இவற்றை ஒன்றாகப் படிக்க இயலாது. சங்கிலியின் முதல் பாடத்தை ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடத்தும் துறையாக இருந்து, வரும் செமஸ்டரில் அதைத் தவறவிட்டால், கிரெடிட்கள் எத்தனை இருந்தாலும் ஓராண்டு போய்விடும். ஆகவே மாற்றத்துக்கான ஒப்புதல் வரும்வரை காத்திருக்காமல், பதிவு செய்ய அனுமதி இருந்தால், நிகழ்தகவை இப்போதே எடுத்துவிடுங்கள். பொறியியலிலேயே தங்க நேர்ந்தாலும் அது பயன்படும்.

பல்கலைக்கழக இணையதளத்தில், பட்டத்துக்கு எவை முடிந்தன, எவை மீதம் என்று காட்டும் பட்டத் தணிக்கைப் பக்கத்தில், வேறு மேஜருக்கு மாறினால் நிலைமை என்னவாகும் என்று காட்டும் வசதி பெரும்பாலும் இருக்கும். அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு, இப்போதைய துறையின் ஆலோசகரை விட, நீங்கள் போக விரும்பும் துறையின் ஆலோசகரை முதலில் பாருங்கள். தவறாக விருப்பப் பாடமாகப் பதிவான பாடம் ஏதேனும் இருந்தால், அதன் பழைய பாடத்திட்டத்தைக் காட்டி மறுமதிப்பீடு கோரலாம்.

மற்றொன்று: மாற்றலாகி வருபவர்களின் கிரெடிட்கள்தான் பொதுவாகக் கூட வரும், மதிப்பெண் சராசரி வராது. எனவே மேஜர் மாற்றத்துக்குக் குறைந்தபட்ச சராசரி கேட்கும் துறையில் உங்கள் ஒரே செமஸ்டரின் மதிப்பெண்களே பேசக்கூடும். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் கல்வி உதவி பெறுபவராக இருந்தால், 120 கிரெடிட் பட்டத்துக்கு 150 சதவீதம், அதாவது முயன்ற கிரெடிட்கள் 180 என்பதே உச்சவரம்பு என்பதையும், ஏற்கப்பட்ட பழைய கிரெடிட்களும் அதில் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். 76-இல் நிற்கும் உங்களுக்கு அது இப்போதைக்குக் கவலையில்லை.

கேள்வி: எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அமெரிக்கா சென்ற என் மகன், பல்கலைக்கழகம் மாறியபின் பொருளியலை விட்டு அளவைப் பொருளியலுக்கு (எகனாமெட்ரிக்ஸ்) மாற நினைக்கிறான். விசாவுக்குச் சிக்கல் வருமா?
– ஒரு தந்தை

பதில்: பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலர் அவருடைய பதிவைத் திருத்திப் புதிய ஐ-20 (மாணவர் தகுதிச் சான்று) வழங்கினால் சிக்கல் இல்லை. படிப்பு முடியும் தேதி தள்ளிப்போகுமானால், பழைய தேதி கடப்பதற்கு முன்பே நீட்டிப்பையும் பெற்றுவிட வேண்டும். படிப்புக்குப் பின் 12 மாதம் வேலை செய்ய அளிக்கப்படும் ஓபிடி அனுமதி மேஜரோடு தொடர்புடைய வேலைக்குத்தான் செல்லும்; மேலும் 24 மாத நீட்டிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டுமே உண்டு. ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு; பொதுப் பொருளியலுக்கான 45.0601 என்ற குறியீடு அப்பட்டியலில் இல்லை. அளவைப் பொருளியலுக்கான 45.0603 இருக்கிறது. துறையின் பெயரை நம்பி ஏமாறாமல், ஐ-20 தாளில் மேஜருக்கு அருகே அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.